எதற்கென்று கொடுத்தோம், எங்கே போனது

டார்ச் அடிக்க ஒரு ஆப். ஸ்மார்ட்போன் பரவத் தொடங்கிய காலத்தில் நிறையப் பேர் போனில் இது ஒன்று இருந்தது. அப்போது பல போன்களில் டார்ச் வசதி கூடவே வரவில்லை, கேமராவின் ஃபிளாஷை எரிய வைக்க யாரோ எழுதிய சின்ன ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படிக் கோடிக்கணக்கானோர் இறக்கிய ஒரு இலவச ஆப் மீது 2013 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளக்கை எரிய வைத்ததோடு நிற்காமல், போன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும் அது விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டு இரண்டு பொத்தான்கள் திரையில் வரும். நீங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே தகவல் கிளம்பிப் போயிருக்கும்.

இருட்டில் வெளிச்சம் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பது விளக்குக்குத் தேவையே இல்லை. தேவையில்லாததை எடுத்தார்கள், எடுத்ததை வேறு யாருக்கோ கொடுத்தார்கள், கேட்பதுபோல் காட்டிவிட்டுக் கேட்காமலே செய்தார்கள். தனிநபர் தகவல் விஷயத்தில் உலகெங்கும் எழும் புகார்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றிலும் இரண்டாவதுதான் எனக்கு மிக மோசமாகப் படுகிறது. ஒன்றுக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவது.

தனியுரிமை என்றாலே ரகசியம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் தன் மனச்சோர்வைப் பற்றி மருத்துவரிடம் சொல்கிறார். மருத்துவருக்குத் தெரியும், மருந்து எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும், ஆகவே அது ரகசியம் இல்லை. அதே விஷயம் அவருடைய மேலதிகாரியின் மேசைக்குப் போய், பதவி உயர்வு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எந்த ரகசியமும் உடையவில்லை, ஆனாலும் நடந்தது அநியாயம் என்று நம் எல்லாருக்கும் உடனே புரிகிறது. தகவல் தொழில்நுட்ப அறவியலில் நீண்ட காலமாக எழுதிவரும் ஹெலன் நிசன்பாம் இதைத்தான் கோட்பாடாகவே வைத்தார்: ஒவ்வொரு தகவலும் ஒரு சூழலில், அந்தச் சூழலுக்குரிய எதிர்பார்ப்போடு கைமாறுகிறது, அந்த எதிர்பார்ப்பை மீறி வேறு சூழலுக்குப் போகும்போதுதான் தனியுரிமை மீறப்படுகிறது. எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கணக்கை விட, யாருக்கு எதற்காகத் தெரிந்தது என்ற கேள்விதான் முக்கியம். படித்ததில் எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

சரி, தகவல் எப்படிச் சேர்கிறது? எளிய வழி, நாமே கொடுப்பது. படிவத்தில் எழுதுகிறோம், கணக்கு தொடங்கும்போது போன் நம்பரைத் தருகிறோம். இதிலாவது என்ன கொடுத்தோம் என்று நமக்குத் தெரியுமே என்று ஆறுதல் தோன்றும், ஆனால் என்ன கொடுத்தோம் என்பதுதான் தெரியும், எதற்குப் பயன்பட்டது என்பது தெரியாது. ட்விட்டர் தன் பயனர்களிடம் கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி போன் நம்பரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்டு வாங்கியது, 14 கோடிக்கும் அதிகமானோர் கொடுத்தார்கள். 2013 முதல் 2019 வரை அந்த நம்பர்களையும் முகவரிகளையும் விளம்பரம் குறிவைக்கவும் பயன்படுத்தியது என்று சொல்லி 2022ல் 15 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதில் என்னை வருத்துவது அபராதத் தொகை இல்லை. கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்று அக்கறையோடு ஒரு படி கூடுதலாகப் போனவர்களின் நம்பர்கள்தான் அப்படிப் போயின. இனிமேல் உண்மையாகவே பாதுகாப்புக்காகக் கேட்டாலும் மக்கள் கொடுக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

அடுத்தது நாம் கொடுக்காமலே கவனித்து எடுப்பது. அளவில் இதுதான் மிகப் பெரியது, கண்ணுக்குத் தெரியாததும் இதுதான்.

குக்கியில் தொடங்கலாம். 1994ல் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுலி என்ற பொறியாளர் ஒரு சின்னச் சிக்கலைத் தீர்க்க இதை உருவாக்கினார். ஒரு இணையதளத்துக்கு நினைவு என்று எதுவும் கிடையாது, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே நீங்கள் யாரென்று அதற்கு மறந்துவிடும், கூடையில் போட்ட பொருள் காணாமல் போகும். ஆகவே உங்கள் பிரவுசரில் ஒரு துண்டுச் சீட்டுபோல ஒரு எண்ணை எழுதி வைத்து, அடுத்த முறை வரும்போது அதைக் காட்டச் சொல்வது. நல்ல யோசனை, இன்றும் அது இல்லாமல் பெரும்பாலான தளங்களில் நம் கணக்குக்குள் நுழைய முடியாது. ஆனால் ஒரு பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. படம் ஓரிடம், எழுத்துரு ஓரிடம், விளம்பரம் வேறோரிடம். அந்த விளம்பர நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு சீட்டை வைக்கலாம். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரக்கணக்கான தளங்களில் இருக்கும்போது, ஒவ்வொரு தளத்திலும் நீங்கள் அதே சீட்டைக் காட்டிக்கொண்டே போகிறீர்கள். காலையில் எந்தச் செய்தி படித்தீர்கள், மதியம் எந்த நோயைப் பற்றித் தேடினீர்கள், ராத்திரி எந்த வேலைக்கு விண்ணப்பம் பார்த்தீர்கள் என்பதெல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாகச் சேர்ந்துவிடுகிறது.

சேர்ந்தது என்ன ஆகிறது என்று பார்த்தால் ஏலத்துக்குப் போகிறது. இதைப் பலர் நம்புவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள், அதில் விளம்பரத்துக்கென்று ஒரு காலியிடம் இருக்கிறது. பக்கம் முழுதாகத் திரையில் வருவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், அந்தக் காலியிடத்தைப் பற்றி ஒரு அறிவிப்பு ஏலச் சந்தைக்குப் போகிறது: இந்தப் பக்கம், இந்த வகைப் போன், தோராயமாக இந்தப் பகுதி, இந்த அடையாள எண், இவருக்கு இன்னின்ன விஷயங்களில் ஆர்வம் இருக்கலாம். பல நிறுவனங்களின் கணினிகள் அதைப் படித்து விலை சொல்கின்றன, அதிக விலை சொன்னவரின் விளம்பரம் உங்கள் திரையில் வருகிறது. ஜெயித்தவர் ஒருவர்தான். ஆனால் அறிவிப்பு எல்லாருக்கும் போயிருக்கிறது, தோற்றவர்களும் அதைப் படித்தாயிற்று. படித்ததை மறந்துவிட வேண்டும் என்று விதி இருந்தாலும், மறந்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? ஒரு நாளில் ஒருவர் எத்தனையோ பக்கங்களைத் திறக்கிறார். ஒவ்வொரு முறையும் இப்படி.

குக்கியை அழித்துவிட்டால் போதாதா என்றால், போதாது. பிரவுசரின் பதிப்பு, திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், நேர மண்டலம் என்று தனித்தனியாக ஒன்றுமில்லாத விவரங்களைச் சேர்த்தாலே ஒரு கைரேகைபோல ஆகிவிடுகிறது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010ல் இதைச் சோதித்தபோது, சோதனைக்கு வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் வேறு எதோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. கைரேகையை எங்கே போய் அழிப்பது?

டிவியும் காரும் இப்போது இதில் சேர்ந்துவிட்டன. விசியோ என்ற டிவி நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி பதிவுசெய்து விற்றது என்று 2017ல் வெளியே வந்தது. வாங்கியவர்களுக்குத் தங்கள் வீட்டு டிவி திரும்பிப் பார்க்கிறது என்று தெரியாது. 2024ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைப் பற்றிய செய்தி வந்தது, எவ்வளவு திடீரென்று பிரேக் போட்டார்கள், எவ்வளவு வேகம் போனார்கள், எத்தனை மணிக்கு ஓட்டினார்கள் என்ற விவரங்கள் தகவலை வாங்கி விற்கும் தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போயிருந்தன. காரணம் புரியாமல் காப்பீட்டுத் தொகை ஏறியவர்கள் தங்களைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது பக்கம் பக்கமாகத் தங்கள் பயணங்களே அதில் இருந்தன. செய்தி வந்த அதே மாதம் நிறுவனம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. பாதுகாப்பாக ஓட்ட உதவும் வசதி என்று நினைத்துத்தான் பலர் அதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி ஊகிப்பது. ஒருவரின் போன் மூன்று வாரமாக ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் எடுக்கப்படுகிறது. கைக்குழந்தை இருக்கலாம், தூக்கம் வராமல் இருக்கலாம், ராத்திரி வேலைக்கு மாறியிருக்கலாம். கூடவே அவர் எங்கே போகிறார், என்ன வாங்குகிறார் என்பதையும் பார்த்தால் மூன்றில் எது என்று சொல்லிவிடலாம், அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றாலும். 2013ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து, ஒரு ஆண் தன்பாலின ஈர்ப்பு உள்ளவரா என்பதை 88 சதவீதமும், எந்தக் கட்சியை ஆதரிப்பவர் என்பதை 85 சதவீதமும் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நேரடியாக அதைக் காட்டிக்கொடுக்கும் பக்கங்களை லைக் போட்டவர்கள் அவர்களில் மிகக் குறைவு, மற்றதெல்லாம் பாட்டு, நடிகர், ஏதோ ஒரு வேடிக்கைப் பக்கம். ஊகம் சரியாக இருந்தாலும் ஆபத்து, தப்பாக இருந்தாலும் ஆபத்து, ஏனென்றால் நம்மைப் பற்றி அப்படி ஒன்று எழுதி வைத்திருப்பதே நமக்குத் தெரியாது, தெரியாததைத் திருத்தச் சொல்லவும் முடியாது.

அப்புறம், நமக்காக மற்றவர்கள் கொடுத்துவிடுவது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உங்கள் நண்பர் ஒரு ஆப்பை இறக்கி, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கொடுத்தால், உங்கள் பெயரும் நம்பரும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் அந்த ஆப்பைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018ல் வெடித்தபோது உலகம் அதிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆளுமைத் தேர்வு என்று சொல்லிக்கொண்ட ஒரு ஃபேஸ்புக் ஆப்பைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களின் நண்பர்கள் பட்டியல் வழியாக எட்டப்பட்டவர்கள், ஃபேஸ்புக்கே கொடுத்த கணக்கின்படி, 8 கோடியே 70 லட்சம் வரை. சம்மதித்த ஒவ்வொருவருக்கும் முந்நூறு பேருக்கு மேல் சம்மதிக்காமலே உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறார்கள்.

மரபணுவில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. எச்சிலை ஒரு குப்பியில் போட்டு அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023ல் திருடர்கள் நேரடியாக உடைத்து நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். ஆனால் உறவினர்களைக் கண்டுபிடித்துக் காட்டும் வசதி இருந்ததால், அந்த 14,000 வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, அதன் சொத்துகளில் மிக மதிப்புள்ளது எது என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்: சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் மரபணு விவரம். உங்கள் தரவை உடனே அழித்துவிடுங்கள் என்று கலிபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரி வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தினார். கடைசியில் நிறுவனர்களில் ஒருவரே தலைமை வகிக்கும் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதை வாங்கியது. வேறு யாராவது வாங்கியிருக்கவும் கூடும். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது, அதில் பாதி உங்கள் பிள்ளைகளுக்கும் சொந்தம்.

பெயரை எடுத்துவிட்டோம் என்ற பதில்

இதையெல்லாம் கேட்டால் நிறுவனங்களும் அரசுகளும் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு. "பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். நானும் நெடுநாள் அதை நம்பினேன்.

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் ஆறரை லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை இணையத்தில் போட்டது. பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். சில நாட்களுக்குள்ளேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்து, அவை ஒரு ஊரையும் ஒரு குடும்பப் பெயரையும் சுற்றி வருவதைக் கவனித்து, ஒரு வயதான பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். தேடியது நான்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். எந்தத் திருட்டும் நடக்கவில்லை, நம் தேடல்களே நம் பெயரைச் சொல்லிவிடுகின்றன.

அதற்கும் முன்னால், 1990களில், மாசசூசெட்ஸ் மாகாண அரசு தன் ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து அதே மாகாணத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாகாண ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த ஊரில் ஆறு பேருக்கு இருந்தது, அதில் ஆண்கள் மூன்று பேர், அவர் வசித்த அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கையில் வந்துவிட்டது. பிறகு ஸ்வீனி கணக்கிட்டுச் சொன்னது, அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்துத் தனியாக அடையாளம் காண முடியும். எத்தனை படிவங்களில் இந்த மூன்றையும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறோம்!

நடமாட்டம் இதைவிடச் சுலபமாகக் காட்டிக்கொடுக்கும். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி விவரங்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2013ல் வெளிவந்தது. எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகில் இருந்தார் என்று நான்கு இடங்கள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. ராத்திரி உங்கள் வீட்டிலும் பகலில் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும் போன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

தனி ஆட்களின் விவரத்தை விட்டுவிட்டு மொத்தமாகக் கூட்டிக் காட்டினால்? ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாகப் போட்டது. பெயர் எதுவும் இல்லை. பெருநகரங்கள் பளிச்சென்று தெரிந்தன, பாலைவனங்கள் இருட்டாக இருந்தன, இருட்டுக்கு நடுவில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒளிர்ந்தன. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவரை ஒட்டிச் சிப்பாய்கள் தினமும் ஓடிய தடங்கள் அவை.

மறைக்க எதுவும் இல்லாதவர்கள்

"நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும்." நல்ல மனிதர்கள்தான் இதைச் சொல்கிறார்கள், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது தப்பு என்பதைத் தீர்மானிப்பது தகவலைக் கொடுத்த அன்று ஆட்சியில் இருந்தவர்கள் இல்லை, தகவல் கையில் இருக்கும் அன்று ஆட்சியில் இருப்பவர்கள்.

நெதர்லாந்தில் மக்கள்தொகைப் பதிவேடு மிக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. யாருக்கும் தீங்கு நினைத்து அல்ல, நிர்வாகம் சீராக நடக்கட்டும் என்றுதான். அதில் மதமும் ஒரு விவரமாக இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு மறைக்க எதுவும் இல்லை. 1940ல் நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்தபோது அந்தப் பதிவேடு தயாராக இருந்தது. அதன்பின் யூதர்களைத் தனியாகப் பதிவு செய்யச் சொன்னார்கள், ஏற்கெனவே இருந்த பதிவேடு இருந்ததால் தப்பிப்பது இன்னும் கடினமாயிற்று. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பு இயக்கத்தினர் சிலர் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாமின் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து அட்டைகளைக் கலைத்துப் போட்டுத் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் அவர்கள் பக்கம். மெதுவாக வேலை செய்து, தேவைக்கு அதிகமாகத் தண்ணீரை அடித்து மேலும் நனைத்தார்கள். அப்படியும் அழிந்தது சுமார் 15 சதவீத அட்டைகள்தான், நெருக்கி அடுக்கிய காகிதம் அவ்வளவு எளிதில் எரிவதில்லை. பிடிபட்டவர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெதர்லாந்தின் யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டுவிட்டார்கள், மேற்கு ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் விகிதம் இவ்வளவு இல்லை. அதற்குக் காரணங்கள் பல உண்டு, அந்தப் பதிவேடும் அதில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு பட்டியலை எரிப்பதற்காக மனிதர்கள் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், படிவத்தில் தேவையில்லாமல் ஒரு விவரத்தைச் சேர்ப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

1890ல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். நினைத்த நொடியில் படம் எடுக்கும் கேமராவும் வம்புச் செய்தி பரப்பும் பத்திரிகைகளும் சேர்ந்து வீட்டுக்குள் புகுவதைப் பார்த்து, ஒருவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடச் சொல்லும் உரிமை வேண்டும் என்றார்கள். 1948ல் ஐநாவின் மனித உரிமைப் பிரகடனம் 12ஆம் பிரிவில் இதைச் சேர்த்தது. கணினியில் சேரும் தரவுக்கென்றே உலகில் முதல் சட்டம் 1970ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் வந்தது, ஒரு நாடு முழுமைக்குமாக 1973ல் சுவீடன் கொண்டுவந்தது.

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமான நாள் 1983 டிசம்பர் 15. மேற்கு ஜெர்மனி அந்த ஆண்டு ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தயாரானது. பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்த நாடு அது. மக்கள் எதிர்த்தார்கள், புறக்கணிப்போம் என்றார்கள், வழக்கு போட்டார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பில் ஒரு புதிய உரிமையையே வகுத்தது: தன்னைப் பற்றிய தகவல் எங்கே, எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம் இன்னும் முக்கியம். ஒரு கூட்டத்துக்குப் போனால் அது எங்கோ பதிவாகும் என்று நினைப்பவர் போகாமலே இருந்துவிடலாம், அப்படி ஒவ்வொருவரும் ஒதுங்கினால் நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை, ஜனநாயகத்துக்கும்தான். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24ல் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்த தீர்ப்பும் இதே தடத்தில் வந்ததுதான்.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்று பல நாடுகளுக்கு முன்மாதிரி. ஒன்றுக்கென்று வாங்கியதை ஒத்துப்போகாத இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது, தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் அல்லது 2 கோடி யூரோ, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். 2023ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ விதிக்கப்பட்டது.

ஆனாலும் நடைமுறையில் எல்லாம் ஒப்புதல் என்ற ஒற்றைப் பொத்தானில் வந்து நின்றுவிடுகிறது, அது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ஒரு சராசரி அமெரிக்கர் ஆண்டு முழுக்கத் தான் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் படித்தால் எவ்வளவு நேரமாகும் என்று 2008ல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 201 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரமாக உட்கார்ந்தால் 25 நாள் வேலை. யாராலும் படிக்க முடியாததைப் படித்துச் சம்மதித்ததாக எழுதிக்கொள்வதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அதிலும் சம்மதிக்க ஒரு கிளிக், மறுக்க நான்கைந்து கிளிக் என்று வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள். இதற்காகவே பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதாக 2022 ஜனவரியில் அறிவித்தது, அதன்பின் மறுக்கும் பொத்தானும் முன்னால் வந்தது.

கேள்வியை நேர்மையாகக் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில், பிற ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்த ஆப்பை அனுமதிக்கலாமா என்று ஒரே வரியில் கேட்டு, வேண்டாம் என்பதையும் அதே அளவு பொத்தானாக வைத்தது. அந்த ஒரு கேள்வியால் 2022ல் தங்களுக்கு சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டா நிறுவனமே மதிப்பிட்டது. அதற்கு முன் வந்த அவ்வளவு வருவாயும் மக்கள் விரும்பிக் கொடுத்ததிலிருந்து வரவில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

தனி ஆளாக நாம் செய்யக்கூடியது குறைவுதான், அதற்காக ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். போனில் அனுமதிகள் என்ற பகுதியைத் திறந்து, இருப்பிடத்தை எந்தெந்த ஆப் எடுக்கிறது என்று பாருங்கள், வழி காட்டும் ஆப்புக்குக்கூடப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வைத்தால் போதும். தொடர்பு எண்களுக்கான அனுமதியை நீக்குங்கள், அது உங்களை விட உங்கள் நண்பர்களைக் காப்பாற்றும். விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது, ஐபோனில் பின்தொடர்வதை மொத்தமாக மறுத்துவிடலாம். பிரவுசரில் பிற தளங்களின் குக்கியைத் தடுத்துவிடுங்கள், சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் பெருமளவு தாங்களாகவே தடுக்கின்றன. பிறந்த தேதியைக் கேட்கும் இடத்தில், வயது தெரிந்தால் போதாதா, தேதி எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், கட்டாயமில்லை என்றால் காலியாக விடுங்கள்.

சென்ற ஆண்டு நான் பல வருடமாகப் பொருள் வாங்கும் ஒரு தளத்துக்கு, என்னைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் அனுப்புங்கள் என்று எழுதினேன். இரண்டு நினைவூட்டலுக்குப் பின் ஒரு கோப்பு வந்தது. வாங்கியவை இருக்கும் என்று தெரியும், இருந்தன. வாங்காமல் வெறுமனே பார்த்தவையும், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதும், எட்டு வருடத்துக்கு முன் குடியிருந்த வீட்டு முகவரியும் இருந்தன. கடைசியில் என் விருப்பங்கள் என்று ஒரு பட்டியல். அதில் நீண்ட கால மூட்டு நோய் என்று ஒரு வரி. எனக்கு அந்த நோய் கிடையாது, அம்மாவுக்காகச் சில மாதங்கள் முழங்கால் பட்டை வாங்கினேன், அவ்வளவுதான். அந்த வரி வேறு யாருக்காவது போயிருக்கிறதா, போயிருந்தால் யாருக்கு என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் இதுவரை பதில் வந்திருக்கிறது.